நகையை அடகு வைத்து மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் படிக்கலாமா?

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறேன், பி.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறேன். ஆறு மாதம் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் படித்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்கிறது ஒரு பயிற்சி நிறுவனம். கட்டணத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டும். சேரலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்க மருத்துவர்களின் ஒலிப்பதிவைக் கேட்டு, 65 எழுத்துகளை ஒரு வரியாகக் கணக்கிட்டுத் தட்டச்சு செய்து சம்பாதித்த காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. 2009-இல் அங்கே வந்த ஹைடெக் சட்டம் மின்னணு மருத்துவப் பதிவேடுகளைப் பரவலாக்கியது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளில் முன்னணியிலிருந்த நுவான்ஸ் நிறுவனத்தை 2022-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. இன்று மருத்துவரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டே குறிப்பு எழுதும் கருவிகள் பெருகி வருகின்றன.

எஞ்சியிருப்பது, மென்பொருள் தரும் வரைவை ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்தும் வேலை. ‘ஃபிஃப்டீன்’ மில்லிகிராம் ‘ஃபிஃப்டி’ ஆகிவிட்டாலும், தைராய்டு சுரப்புக் குறைவான ஹைப்போதைராய்டிசம், சுரப்பு மிகையான ஹைப்பர்தைராய்டிசம் ஆகிவிட்டாலும் வாக்கியம் பிழையின்றியே தோன்றும். மருந்தின் வழக்கமான அளவையும் நோயின் அறிகுறிகளையும் அறிந்தவருக்குத்தான் தவறு பிடிபடும். நோயாளியின் உயிரைக் காக்கும் வேலை இது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அனுபவசாலிகளே இதற்குக் காத்திருக்கும்போது, புதிதாக வருபவருக்கு இடம் கிடைப்பது கடினம்.

மருத்துவக் குறிப்பில் உள்ள நோயையும் சிகிச்சையையும் காப்பீட்டுக்கான குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் உங்கள் பட்டத்துக்குப் பொருத்தமாக இருக்கும். நோய்களுக்கான ஐசிடி-10 குறியீடுகள் 2015 அக்டோபர் முதல் அமெரிக்காவில் நடைமுறையில் உள்ளன. உயிரியல் பட்டதாரிகளைச் சென்னை, கோவை நிறுவனங்கள் இப்பணிக்கு எடுக்கின்றன. சிபிசி என்ற கோடிங் தகுதிச் சான்றிதழ் இருந்தால் மதிப்புக் கூடும். தானியங்கி மென்பொருள் இங்கும் நுழைந்துவிட்டதால், எளிய வெளிநோயாளிக் குறிப்புகளோடு நின்றுவிடாமல், அறுவை சிகிச்சை, உள்நோயாளிப் பதிவுகள் வரை கற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்தே வேலை என்ற வாக்குறுதியைத் தொடக்கத்திலேயே நம்ப வேண்டாம். நோயாளிகளின் தகவலைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா சட்டத்துக்கு உட்பட்ட பணி என்பதால், புதியவர்களை அலுவலகத்திலேயே அமர்த்த விரும்பும் நிறுவனங்கள் உண்டு. மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரமும் இணையமும் நின்றுபோகும் நம் மலையில், குறித்த நேரத்தில் வேலையை முடித்துத் தருவதும் எளிதன்று. முதல் ஓரிரு ஆண்டுகள் கோவையில் தங்கி வேலை பார்க்க வீட்டார் சம்மதிப்பார்களா என்று இப்போதே பேசிவிடுங்கள்.

கோடிங் பயிற்சிக்கும் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். சென்ற ஆண்டு அங்கே படித்தவர்கள் இருவரிடமாவது நேரில் பேசி, எந்த நிறுவனத்தில் என்ன சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். கட்டணத்தைத் தவணையில் செலுத்த முடியுமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.