மாலத்தீவில் டைவிங் வேலை: வாசகர் கேள்விகள்

அப்பா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். நானும் மூச்சடக்கி எட்டு பாகம் முங்குவேன். நேராக இன்ஸ்ட்ரக்டர் ஆகிவிடலாமா?

நேராக முடியாது. தண்ணீர்ப் பயம் இல்லையென்பது பெரிய சொத்துதான், ஆனால் பழகிய ஒன்றை நீங்கள் மறந்தாக வேண்டும். ஸ்கூபாவில், அதாவது முதுகில் காற்று டாங்க் கட்டி முங்குவதில், மூச்சை அடக்கவே கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் டாங்க் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, அடக்கியபடியே மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியலாம். சங்கு குளிப்பவருக்கு இந்த ஆபத்து இல்லை. மேலே இழுத்த காற்றைத்தானே அவர் கீழே கொண்டுபோகிறார், திரும்பும்போது அது பழைய அளவுக்குத்தான் விரியும்! நன்றாக நீந்தத் தெரிந்தவர்களிடம்தான் இந்தப் பழக்கத்தை மாற்றப் படாதபாடு பட்டிருக்கிறேன்.

படிகள் இவை: ஓப்பன் வாட்டர், அட்வான்ஸ்டு, ரெஸ்க்யூ, டைவ்மாஸ்டர் (டைவ் வழிகாட்டி), அப்புறம்தான் இன்ஸ்ட்ரக்டர் பயிற்சி. 'பாடி' (PADI) என்ற சர்வதேச டைவிங் பயிற்சி அமைப்பின் இன்ஸ்ட்ரக்டர் தேர்வுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், லாக் புக்கில் (டைவ் குறிப்பேட்டில்) 100 டைவ் இருக்க வேண்டும்.

நாள் முழுக்க மீன்களோடு இருக்கலாம், இல்லையா?

பெரும்பாலும் ஒரு நாளைக்கு இரண்டு டைவ். மற்ற நேரமெல்லாம் டாங்க் நிரப்புவது, ரெகுலேட்டர் (டாங்க் காற்றை வாய்க்குத் தரும் கருவி) அலசுவது, விருந்தினரின் மருத்துவப் படிவத்தைச் சரிபார்ப்பது, கோர்ஸ் விற்பது. ஆமாம், விற்பதும்தான்! சம்பளத்தோடு கமிஷனும் சேர்ந்தால்தான் கையில் காசு நிற்கும். ஜெர்மன், ரஷ்யன், சீனம் இவற்றில் ஏதாவது ஒன்று பேச வந்தால் உங்களுக்கு மவுசு அதிகம்.

மழைக்காலத்தில் வேலை இருக்குமா?

இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில்தான் பா அட்டோல் என்ற பவளத்தீவுக் கூட்டத்தின் ஹனிஃபாரு விரிகுடாவில் மாண்டா திருக்கைகள் கூட்டமாக இரை தேடும். ஆனால் அங்கே ஸ்கூபாவுக்குத் தடை, ஸ்நார்க்கல் (நீர்மட்டத்தில் குழாயால் மூச்சுவிட்டு நீந்துவது) மட்டுமே. டாங்கோடு இறங்கலாமே என்று கெஞ்சும் விருந்தினரிடம் மறுத்துச் சொல்வதும் உங்கள் வேலை. 30 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போகச் சொன்னாலும் அதே பதில்தான், அந்நாட்டுச் சட்டத்தின் எல்லை அது.

முதலில் சுற்றுலா விசாவில் வரச் சொல்கிறார் ஏஜென்ட். போகலாமா?

வேண்டாம். அந்த விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். வேலை பர்மிட் கைக்கு வந்த பிறகு கிளம்புங்கள். ஒப்பந்தத்தில் பர்மிட் செலவு, திரும்பும் டிக்கெட், விடுப்பு, கமிஷன் விகிதம், அழுத்த அறைச் சிகிச்சைக்கான (டைவிங்கால் உடலில் காற்றுக் குமிழ் உண்டானால் தருவது) காப்பீடு, இத்தனையும் எழுத்தில் இருக்கட்டும். எனக்கு முதல் வேலை தந்த ரிசார்ட்டில் கமிஷன் வாய்மொழியாகவே இருந்தது. அது கடைசிவரை வாயிலேயே தங்கிவிட்டது.

காது அடிக்கடி வலிக்கிறது. சமாளிக்க முடியுமா?

காதுதான் இந்தத் தொழிலின் மூலதனம். சளி பிடித்திருக்கும்போது இறங்காதீர்கள். ஒருமுறை 'இன்னும் ஒரே ஒரு டைவ்' என்று வீம்பு பண்ணிவிட்டு, பத்து நாள் கரையில் உட்கார்ந்து டாங்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். காது மூக்கு தொண்டை மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள்.

ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் ஒரு டைவ் போகலாமா?

கூடாது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், டைவில் உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழாகலாம். அடுத்தடுத்து டைவ் செய்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் ஆக வேண்டும். 24 என்றால் இன்னும் நல்லது. மாலேவுக்குக் கூட்டிப்போகும் கடல்விமானமும் விமானம்தான்.