மூலையில் குவிந்த குஞ்சுகள்

கேள்வி: முதல் முறையாக 50 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கினேன். டிவி வந்த அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, 9 வாட் எல்.இ.டி. பல்பு மாட்டி, தீவனமும் தண்ணீரும் வைத்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் பார்த்தால், ஒரு மூலையில் குவியலாக 12 குஞ்சுகள் செத்துக் கிடந்தன. என்ன நோயாக இருக்கும்?
– வாசகர், துறையூர்

பதில்: மூலையில் குவியலாகக் கிடந்தன என்கிறீர்களே தம்பி, நோயைவிடக் குளிர்மேல்தான் எனக்குச் சந்தேகம். எல்.இ.டி. வெளிச்சம் தரும்; குஞ்சுக்குக் காணுமளவு சூடு தராது. குளிர் தாங்காமல் ஒன்றின்மேல் ஒன்று ஏற, அடியில் சிக்கியவை மூச்சுமுட்டிப் போயிருக்கும். கரண்ட் மிச்சமாகட்டும் என்று நானும் ஒருமுறை பல்பை மாற்றி 9 குஞ்சுகளை இழந்தேன். எவ்வளவு மிச்சமாயிற்று என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள்.

குண்டு பல்புதான் வேண்டும். குஞ்சுக்கு 2 வாட் கணக்கு. மீதி 38 குஞ்சுகளுக்கு 40 வாட் பல்பு இரண்டு மாட்டுங்கள். ஒரே பெரிய பல்பாகப் போட்டால், நள்ளிரவில் அது ஃபியூஸ் போனால் கதை முடிந்தது. பெட்டியும் வேண்டாம். ஒன்றரை அடி உயரத் தகரத்தை வட்டமாக வளைத்துக் கட்டினால், குவிவதற்கு மூலையே இருக்காது. முதல் இரண்டு மூன்று நாள் உமியைக் கொத்தித் தின்னும் என்பதால் மேலே செய்தித்தாள் விரிக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். ஆனால் தெர்மாமீட்டரைவிட நான் குஞ்சுகளைத்தான் நம்புவேன். ராத்திரி பத்து மணிக்குச் சத்தமில்லாமல் போய் எட்டிப் பாருங்கள். பல்புக்கு அடியில் அப்பிக்கொண்டு கீச்கீச்சென்று கத்தினால் குளிர்; பல்பை இறக்குங்கள். தகரத்தோரம் ஒதுங்கி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு, ஏற்றுங்கள். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கமிருந்து காற்று அடிக்கிறது. அங்கே ஒரு சாக்கைக் கட்டுங்கள். பரவலாகக் காலை நீட்டிப் படுத்திருந்தால் நீங்களும் போய்ப் படுக்கலாம்.

சூடு சரியாக இருந்தும் சாவு தொடர்ந்தால், செத்த குஞ்சை உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் தடுக்கும் சொட்டு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு, அதை விட்டுவிடாதீர்கள்.