மச்சான் காருக்கு வாங்கிய ஆயிலை பைக்கில் ஊற்றலாமா?

கேள்வி: ஆறு வருடம் ஓடிய 125 சிசி பைக் வைத்திருக்கிறேன். இதுவரை 24,000 கிலோமீட்டர். வேலூரில் வீட்டிலிருந்து ஆபீஸ் 6 கிலோமீட்டர்தான். வண்டியோடு வந்த புத்தகத்தில் 10டபிள்யூ-30 ஆயில், 6,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும் என்று போட்டிருக்கிறது. மெக்கானிக்கோ, "நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-40தான் தாங்கும், 2,000-க்கு ஒருமுறை மாத்திடணும்" என்கிறார். இதற்கிடையில், மச்சான் காருக்கு வாங்கிய 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக் ஒரு லிட்டர் மிச்சம் இருக்கிறது. விலை கூடிய ஆயில்தானே, பைக்கில் ஊற்றலாமா? மனைவியின் ஸ்கூட்டருக்கு?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், கை வைத்தால் செலவு வைப்பது அதுதான். பைக்கில் ஊற்றாதீர்கள்.

காரில் எஞ்சினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில். உங்கள் பைக்கில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. மைலேஜுக்காக 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்க்கிறார்கள். காருக்கு நல்லது. கிளட்ச் பிளேட்டோ ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்தால்தான் வண்டி நகரும். அங்கே வழுக்கல் வந்தால், மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க எஞ்சின் கத்தும், வேகம் மட்டும் வராது. ஏற்கெனவே ஊற்றியிருந்தால் உடனே வடித்துவிட்டு பைக் ஆயில் போடுங்கள். பிளேட் கருகாமல் இருந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

அதனால் பாட்டிலின் முன்பக்கத்தில் இருக்கும் "சிந்தெடிக்", "ரேஸிங்" எல்லாம் இருக்கட்டும், பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஜாஸோ (JASO, ஜப்பானிய ஆயில் தர அடையாளம்) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால் கியர் பைக்குக்கு. எம்பி என்றால் ஸ்கூட்டருக்கு. ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் நனையாத உலர் கிளட்ச், அதனால் அங்கே வழுக்கும் பயம் இல்லை. எம்ஏ ஆயிலை ஸ்கூட்டரில் போட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது, மைலேஜ் கொஞ்சம் குறையலாம். எம்பி ஆயிலை பைக்கில் போடக் கூடாது. கார் ஆயில் ஸ்கூட்டரின் கிளட்சை ஒன்றும் செய்யாது என்றாலும், புத்தகம் சொல்லும் கிரேடு கடையில் சுலபமாகக் கிடைக்கும்போது அந்தச் சோதனை எதற்கு? ஏபிஐ (API, அமெரிக்க ஆயில் தர அடையாளம்) எழுத்துகளில் புத்தகம் எஸ்ஜே என்று சொல்லி, கையில் கிடைப்பது எஸ்எல், எஸ்என் என்றால் தாராளமாகப் போடலாம், அவை பின்னால் வந்த தரங்கள்.

சரி, 10டபிள்யூ-30-ஆ, 20டபிள்யூ-40-ஆ? டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு. பின்னால் இருப்பது 100 டிகிரி செல்சியஸில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு. உங்கள் மெக்கானிக் வெயிலைச் சொல்கிறார். ஆனால் வெளியே 30 டிகிரியோ 42 டிகிரியோ, ஓடிச் சூடேறிய எஞ்சினுக்குள் ஆயில் அதைவிட வெகுவாகச் சூடாகத்தான் இருக்கும். அந்தச் சூட்டில் 30 கிரேடு போதும் என்று கணக்குப் போட்டுத்தான் பம்பும் ஆயில் வழிகளும் இடைவெளிகளும் செய்யப்பட்டிருக்கின்றன. 20டபிள்யூ-40 போட்டால் எஞ்சின் செத்துவிடாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ஏறக் கூடுதல் நேரம் பிடிக்கும், மைலேஜ் சற்றே குறையும், அவ்வளவுதான். தேய்ந்துபோய் ஆயில் குடிக்கிற வண்டி என்றால், புத்தகம் மாற்று கிரேடு அனுமதித்தால், அவர் சொல்வதில் நியாயம் உண்டு. 24,000 கிலோமீட்டரில் உங்கள் வண்டி அந்த நிலைக்கு வந்திருக்காது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதில் மெக்கானிக்கையும் புத்தகத்தையும் சண்டை மூட்டிவிட வேண்டாம். தினமும் 12 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் வருடத்துக்கு 3,600. நீங்கள் 6,000-ஐத் தொடுவதற்குள் ஒரு வருடம் தாண்டிவிடும். உங்களுக்குக் கணக்கு கிலோமீட்டர் அல்ல, மாதம். அதிலும் 6 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே கஷ்டம். பிஸ்டன் இடுக்கில் கீழே இறங்கும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். மழைக்காலத்தில் ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள், தயிர் ஏடு மாதிரி வெளுப்பாகப் படிந்திருந்தால் அதுதான் இது. ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், உங்கள் ஓட்டத்துக்கு அது ஏறக்குறைய மெக்கானிக் சொன்ன 2,000 கிலோமீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருமுறை நீளமாக ஒரு ஓட்டம் ஓட்டினாலும் நல்லது. உணவு டெலிவரி ஓட்டும் தம்பிகளுக்குக் கதையே வேறு. அவர்கள் ஒரே மாதத்தில் 3,000 ஓட்டிவிடுவார்கள், சிக்னலில் நிற்கும் நேரம் மீட்டரிலும் ஏறாது. அவர்கள் 6,000 வரை காத்திருக்காமல் 3,000-லேயே மாற்றட்டும்.

ஆயில் கறுத்துவிட்டதே என்று மட்டும் பதறாதீர்கள். கரியைத் தன்னோடு இழுத்துக்கொண்டு கறுப்பதுதான் அதன் வேலை. கியர் கல்லு மாதிரி விழ ஆரம்பித்தால் கவனியுங்கள், கியர் பற்கள் அரைத்து அரைத்து ஆயில் மெலிந்திருக்கலாம்.

நான் இவ்வளவு சொன்னதைவிட முக்கியமானது ஒன்று, யாரும் கேட்பதில்லை: அளவு. ஒருமுறை பட்டறைக்கு எஞ்சின் சுழலாமல் இறுகிப் பிடித்துக்கொண்ட பைக் ஒன்று வந்தது. சர்வீஸ் பில் எல்லாம் தேதி தவறாமல் இருந்தது. ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினேன், 900 மில்லி வர வேண்டிய இடத்தில் ஒரு டம்ளர் அளவுக்குத்தான் வடிந்தது. மிச்சத்தை வண்டி மாதக்கணக்கில் குடித்திருக்கிறது. ஓட்டியவர் ஒருநாளும் ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் தொட்டதில்லை.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை பத்து நிமிடம் போதும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணைத்து, இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். டிப்ஸ்டிக்கைத் துடைத்து, திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுங்கள் (உங்கள் புத்தகம் திருகச் சொன்னால் திருகுங்கள்). இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஈரம் தெரிந்தால் போதும். மேல் கோட்டைத் தாண்டவும் கூடாது. ஒரு லிட்டருக்கும் குறைவாகப் பிடிக்கிற வண்டியில் ஒரு லிட்டர் பாட்டிலையும் கவிழ்த்துவிட்டு "ஃபுல் பண்ணியாச்சு சார்" என்பார்கள். கூடுதல் ஆயில் நுரைத்து ஏர் ஃபில்டருக்குள் போய் நிற்கும்.

பாட்டில் சீல் உங்கள் கண்முன் உடைபடட்டும், ட்ரெயின் போல்ட் வாஷர் புதிதாக மாறட்டும். மனைவியின் ஸ்கூட்டருக்குப் பின்சக்கரம் அருகே தனியாகக் கொஞ்சம் கியர் ஆயில் உண்டு, அதை மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று என்றும் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு லிட்டர் சிந்தெடிக்கை மச்சானிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், காருக்கு டாப்-அப் செய்ய ஆகும்.