மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் மண்டபத் தளம் போட எத்தனை கான்கிரீட் லோரி வேண்டும்? சிமுலேஷன் உதவுமா?

உதவும். சிமுலேஷன் என்றால் வேலை நாளைக் கணினியில் பலமுறை ஓட்டிப் பார்ப்பது. ஒரே நாளில் முடிக்க வேண்டிய 96 கன மீட்டர் தளம், ஒரு பம்ப், ஈப்போ பக்கமிருந்து வரும் ரெடிமிக்ஸ் (ஆலையில் கலந்து வரும் கான்கிரீட்), கடைசித் தூரம் செம்பனைத் தோட்டச் சாலை என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு எக்செல் போதும்.

முதலில் சராசரிக் கணக்கு. லோரிக்கு 6 கன மீட்டர் என்றால் 16 நடை. ஏற்ற 10 நிமிடம், வர 45, பம்பில் இறக்க 18, கழுவ 5, திரும்ப 40, ஆக 118 என்று வைப்போம். காலை 7 மணிக்கு ஏற்றத் தொடங்கினால் பம்ப் 7.55க்கு ஓடும். 5 லோரியென்றால் சுற்றுக்கு 28 நிமிடம் பம்ப் சும்மா நிற்கும், வேலை முடிய 2.07 ஆகும். 6 லோரிக்கு 1.03, 7 லோரிக்கு 12.43. மதிய மழைக்கு முன் முடிக்க 6 போதும் என்று தோன்றும்.

ஆனால் எந்த லோரியும் சராசரியில் ஓடுவதில்லை. செம்பனைப் பழ லோரிக்குப் பின்னால் மாட்டினால் மூன்று கூடி வரும், பிறகு அரை மணி நேரம் ஒன்றும் வராது. கூடி வந்தவற்றால் இழந்த நேரம் திரும்பாது, பம்ப் தன் வேகத்தில்தான் இறக்கும். அதனால் உண்மையான முடிவு நேரம் பெரும்பாலும் கணக்கைவிடப் பிந்தியே இருக்கும். எவ்வளவு பிந்தும் என்பதைச் சொல்லத்தான் சிமுலேஷன்.

எக்செலில் நடைக்கு ஒரு வரி போடுங்கள். பம்ப் தொடங்கும் நேரம் என்பது லோரி வந்த நேரம், முந்தைய லோரி முடித்த நேரம் இரண்டில் பிந்தியது. ஒவ்வொரு வேலைக்கும் இருபது முப்பது நேரங்களைக் கடிகாரம் வைத்து அளந்து, அவற்றிலிருந்தே ஒன்றைக் குலுக்கி எடுக்க விடுங்கள். எக்செலின் டேட்டா டேபிள் வசதியில் 1000 முறை ஓட்டி, பத்தில் ஒன்பது நாள் எத்தனை மணிக்குள் முடிகிறது என்று பாருங்கள். சராசரியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டேனியல் ஹால்பின் 1970களில் கட்டுமானத்துக்காக உருவாக்கிய சைக்ளோன் முறையின் சாரமும் இந்த வரிசைக் கணக்குதான்.

அளக்கும்போது வாசலில் பம்புக்காகக் காத்திருந்த நேரத்தைப் பயண நேரத்தில் சேர்க்காதீர்கள், காத்திருப்பு இரண்டு முறை எண்ணப்படும். மழையை லோரிக்கு லோரி குலுக்கக் கூடாது. பெய்தால் எல்லா லோரிக்கும்தான், நாளுக்கு ஒரு முறை குலுக்குங்கள்.

லோரி எண்ணிக்கையைவிட அனுப்பும் இடைவெளியைக் கவனியுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 6 லோரியையும் 10 நிமிடத்துக்கு ஒன்றாக அனுப்பினால் ஆறாவது லோரி வேலையிடத்தில் 40 நிமிடம் நிற்கும். இறக்கி முடிக்கும்போது கலவைக்கு 113 நிமிட வயது. ஏற்றத் தொடங்கியதிலிருந்து இறக்கி முடிக்க 2 மணி நேர வரம்பு என்றால் மீதி 7 நிமிடம். அப்போதுதான் டிரம்மில் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள், கான்கிரீட்டின் பலம் குறைந்துவிடும். 15 நிமிடத்துக்கு ஒன்று அனுப்பினால் காத்திருப்பு 15 நிமிடமாகும், பம்புக்கும் இழப்பில்லை. 12, 15, 18 மூன்றையும் ஓட்டிப் பாருங்கள்.

ஒன்றை எந்த சிமுலேஷனும் சொல்லாது. 6 கன மீட்டர் கான்கிரீட் மட்டும் 14 டன்னுக்கு மேல், லோரியின் எடை தனி. தோட்டப் பாலம் தாங்குமா என்று நிர்வாகத்திடம் முதலில் கேளுங்கள். தாங்காவிட்டால் 4 கன மீட்டராக ஏற்றி, 24 நடைக்குக் கணக்கை மறுபடி ஓட்ட வேண்டும்.