கிணறு வெட்டக் கிளம்பிய பூதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் உரை ஒன்றில் அர்ஜென்டினாவின் எண்ணெய் நகரமான கொமொதோரோ ரிவதாவியாவைப் பற்றி ஒரு வரி சொன்னீர்கள். தண்ணீருக்காகத் துளையிட்டபோது எண்ணெய் வந்தது என்பது உண்மையா, ஊர்ப்பெருமைக்காகக் கட்டிய கதையா? அத்தனை தொலைவில் ஓர் ஊர் ஏன் முளைத்தது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்விக்குப் பதில் எளிது. உள்நாட்டில் சர்மியென்தோ என்ற வேளாண் குடியேற்றம் இருந்தது. அதன் கம்பளியையும் விளைச்சலையும் கப்பலேற்ற ஒரு கரை தேவைப்பட்டது. 1901-இல் சான் ஹோர்ஹே வளைகுடாவின் ஓரம், செங்கே குன்றின் அடிவாரத்தில், தலைநகர் புவனோஸ் ஐரிஸிலிருந்து 1,700 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே இந்தத் துறைமுக ஊர் பிறந்தது. பிரிட்டனிடம் போரில் தோற்ற, டச்சு வழிவந்த தென்னாப்பிரிக்க போயர்கள் மறு ஆண்டிலிருந்து சுற்றுப்புறத்தில் குடியேறினார்கள். எல்லோருக்கும் ஒரே குறை, குடிதண்ணீர். ஆண்டு மழை 250 மில்லிமீட்டர் அளவுதான். காற்றோ ஓய்வதே இல்லை.

அரசு துளையிட்டது. முதல் முயற்சி வீண். 1907 டிசம்பர் 13 அன்று இரண்டாம் துளையில், அரை கிலோமீட்டருக்கும் கீழிருந்து எண்ணெய் வந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்று நாம் சொல்வது இங்கே எழுத்துக்கு எழுத்து நடந்தது.

ஆனால் உங்கள் சந்தேகமும் பழசுதான், அங்கேயே பலர் கேட்டது. துளையிட்ட அரசுத் துறையின் பெயரில் சுரங்கம், நிலவியல், நீர்வளம் மூன்றும் இருந்தன. அதன் தலைவர் என்ரிக்கே எர்மித்தே எண்ணெய் கிடைக்கக்கூடும் என்று முன்பே எண்ணியிருந்தார் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. என் கணிப்பில் இரண்டும் உண்மை. ஊரார் கேட்டது தண்ணீர். துளையிட்டவர்களின் மனதில் இன்னொன்றும் இருந்திருக்கும்.

பிறகு நடந்தவை வேகமானவை. அரசு அந்த நிலத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டது. 1922-இல் ஒய்பிஎஃப் என்ற அரசு எண்ணெய் நிறுவனம் உருவாகி, என்ரிக்கே மொஸ்கோனி அதன் தலைவரானார். எனக்கு இவற்றையெல்லாம் விடப் பிடித்தது பேட்டைகளின் பெயர்கள். கிலோமீட்டர் 3, கிலோமீட்டர் 5, கிலோமீட்டர் 8. ரயில் பாதையில் எத்தனையாவது கிலோமீட்டரோ, அதுவே முகவரி. எண்ணெய் கண்ட இடம் கிலோமீட்டர் 3. இன்று அங்கே பெட்ரோலிய அருங்காட்சியகம் இருக்கிறது. ரயில் 1978-இல் நின்றுபோனது. பெயர்கள் நின்றுபோகவில்லை. தலையாட்டிக்கொண்டே எண்ணெய் இறைக்கும் பம்புகளுக்கு அங்கே நாரை என்று பெயர். வீடுகளுக்கு அருகிலேயே அவை குனிந்து நிமிர்கின்றன.

தண்ணீர் என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், அதே சர்மியென்தோவின் அருகிலுள்ள முஸ்தேர்ஸ் ஏரியிலிருந்து குழாயில் வருகிறது. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் அந்தக் குழாயை நம்பி வாழ்கிறார்கள். 2017-இல் ஓராண்டு மழை சில நாட்களுக்குள் கொட்டி, தெருக்களைச் சேற்றால் நிரப்பிவிட்டுப் போனது வேறு விஷயம். முஸ்தேர்ஸுக்குப் பக்கத்து ஏரியான கொல்வே வாபி இப்போது ஏறக்குறைய முழுவதும் வறண்டு கிடக்கிறது. காற்று அடிக்கும்போது அதன் அடித்தரை புழுதியாக எழுகிறது.

அன்புடன்.