டிஜிட்டல் ஸ்கிராப்புக்கிங்: போட்டோ எடிட்டிங் மென்பொருளைப் புதிதாகக் கற்பவர்களுக்கான கேள்வி பதில்

புகைப்படங்களையும் அலங்காரத் தாள்களையும் நினைவுக் குறிப்புகளையும் கணினித் திரையிலேயே ஒன்றிணைத்து ஆல்பப் பக்கமாக அமைக்கும் டிஜிட்டல் ஸ்கிராப்புக்கிங்கில் அண்மையில் இறங்கியவர்கள் அனுப்பிய கேள்விகளுள், பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். கேள்விகள் வெவ்வேறு சிக்கல்களைப் பேசினாலும், அவற்றில் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான்: லேயர் (ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு) பிடிபடுவதற்கு முன்பே மற்ற எல்லாவற்றையும் கற்றுவிட முயல்வது. அதனால் லேயர் தொடர்பான பதில்களைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எந்த மென்பொருளில் தொடங்குவது நல்லது? போட்டோஷாப் இல்லாமல் இதைச் செய்யவே முடியாதா?

தாராளமாக முடியும். நீங்கள் பார்க்க வேண்டியவை நான்கே: அந்த மென்பொருளில் லேயர்கள் இருக்க வேண்டும், பின்னணி இல்லாத பிஎன்ஜி படங்களை அப்படியே ஏற்க வேண்டும், லேயர்களோடு சேமிக்கப்படும் பிஎஸ்டி கோப்புகளைத் திறக்க வேண்டும், நிழல் சேர்க்கும் வசதி வேண்டும். மாதச் சந்தா கட்டிப் பயன்படுத்தும் போட்டோஷாப்பில் இவை அனைத்தும் உண்டு என்றாலும், அதன் எளிய வடிவமாக 2001-இல் அறிமுகமான போட்டோஷாப் எலிமென்ட்ஸிலும் உண்டு. பணம் செலவிட விரும்பாதவர்களுக்கு, 1996 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் ஜிம்ப் இருக்கிறது. எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே இயங்கும் போட்டோபியாவும் இருக்கிறது. போட்டோபியாவின் அமைப்பு போட்டோஷாப்பை ஒத்திருப்பதால், போட்டோஷாப்புக்கான பாடங்களைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றலாம். புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சில மாதங்களுக்கு அதை மாற்றாதீர்கள். மென்பொருளை மாற்றும்போதெல்லாம் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். பக்கம் ஒன்றுகூட முடியாது.

கேள்வி: மென்பொருளைத் திறந்ததும் இடப்பக்கம் முழுவதும் கருவிகள், மேலே மெனுக்கள், வலப்பக்கம் பலகைகள். எதிலிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

இடப்பக்கத்தை விட்டுவிட்டு வலப்பக்கத்தில் உள்ள லேயர் பலகையிலிருந்து ஆரம்பியுங்கள். 1990-இல் வெளிவந்த போட்டோஷாப்பின் முதல் பதிப்பில் லேயர் என்ற வசதியே கிடையாது. 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அது சேர்ந்தது. இன்று ஸ்கிராப்புக்கிங் முழுவதும் அந்த ஒரு வசதியின் மேல்தான் நிற்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்களை மேலிருந்து பார்ப்பதுபோல் லேயர்களை எண்ணிக்கொள்ளலாம். பலகையில் மேலே இருப்பது பக்கத்திலும் மேலே தெரியும். கீழே இருப்பதை அது மறைக்கும். படம் இல்லாத இடங்களின் வழியே கீழ் லேயர் தெரியும்.

இதைக் கையால் செய்து பார்த்துவிடுங்கள். வெற்றுப் பக்கம் ஒன்றில் ஒரு தாள், அதன் மேல் ஒரு புகைப்படம், அதன் மேல் ஒரு பூ என மூன்றை மட்டும் வையுங்கள். பலகையில் பூவின் லேயரைப் பிடித்துப் புகைப்படத்துக்குக் கீழே இழுத்து விடுங்கள். பூவின் பாதி படத்துக்குப் பின்னால் போவதைக் காண்பீர்கள். லேயரின் பக்கத்தில் உள்ள கண் சின்னத்தை அழுத்தினால் அது மறையும், மீண்டும் அழுத்தினால் வரும். பிறகு தாளின் லேயர் தேர்வாகியிருக்கும் நிலையில் பூவை நகர்த்த முயன்று பாருங்கள். தானாகத் தேர்ந்தெடுக்கும் ஆட்டோ செலக்ட் வசதி அணைந்திருந்தால், பூவுக்குப் பதில் தாள்தான் நகரும். 'கருவி வேலை செய்யவில்லை' என்று வந்த கேள்விகளில் பலவற்றுக்கும் காரணம் இதுவே: வேறொரு லேயரில் நின்றுகொண்டு வேலை செய்திருக்கிறார்கள்.

இது பழகிய பின் நகர்த்துதல், அளவு மாற்றுதல், வெட்டுதல், எழுத்துச் சேர்த்தல் ஆகிய நான்கு மட்டும் போதும். முதல் சில பக்கங்களுக்கு வேறெதுவும் தேவைப்படாது.

கேள்வி: படத்தின் அளவை மாற்றும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொள்ளச் சொல்கிறது நான் பார்க்கும் பாடம். அப்படியே செய்தாலும் முகங்கள் இழுபட்டு நீண்டுவிடுகின்றன. ஏன்?

பாடமும் உங்கள் மென்பொருளும் வெவ்வேறு காலத்தவை என்பதே காரணம். பழைய போட்டோஷாப்பில் நீள அகல விகிதம் மாறாமலிருக்க ஷிஃப்டை அழுத்த வேண்டியிருந்தது. 2018 அக்டோபரில் வெளியான சிசி 2019 பதிப்பில் இதைத் தலைகீழாக மாற்றிவிட்டார்கள்: இப்போது சும்மா இழுத்தாலே விகிதம் மாறாது, ஷிஃப்டை அழுத்தினால்தான் மாறும். பழைய முறையே வேண்டுமென்றால் பிரெஃபரன்ஸஸில் (விருப்ப அமைப்புகளில்) லெகஸி ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்ம் என்ற தேர்வு உண்டு. ஜிம்பில் ஸ்கேல் கருவிக்குரிய பெட்டியில் உள்ள சங்கிலிச் சின்னம் இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடத்தைப் பின்பற்றினாலும் அது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதை முதலில் பார்ப்பது நல்ல வழக்கம்.

கேள்வி: பக்கத்தின் அளவை எவ்வளவு வைக்க வேண்டும்? திரையில் தெளிவாக இருந்த படம் அச்சில் மங்கலாக வந்தது.

இத்துறையில் பரவலாகப் புழங்கும் பக்கம் 12 × 12 அங்குலம்; அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் 3600 × 3600 பிக்சல். தாள்களும் பெரும்பாலும் இந்த அளவிலேயே கிடைக்கும். 8 அங்குலப் பக்கம் போதுமென்றால் 2400 பிக்சல். பெரிதாகச் செய்து பின்னர் சிறிதாக்கலாம் என்பதால், தயக்கம் இருந்தால் பெரிய அளவிலேயே தொடங்குங்கள்.

மங்கலுக்குக் காரணம் அநேகமாகப் படத்தில் போதிய பிக்சல்கள் இல்லாததுதான். 12 மெகாபிக்சல் கேமரா தரும் 4000 × 3000 பிக்சல் படத்தை 13 அங்குல அகலம் வரை தெளிவாக அச்சிடலாம். அதே படத்தைச் செய்திச் செயலி வழியாக யாரோ அனுப்பி, அது 1600 × 1200 பிக்சலாகச் சுருங்கி வந்திருந்தால், 5 அங்குலத்தைச் சற்றுத் தாண்டும்போதே தெளிவு குறையத் தொடங்கிவிடும். ஆகவே மூலப் படத்தையே கேட்டு வாங்குங்கள். செயலி வழியாகத்தான் வர வேண்டுமென்றால், படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். தெளிவுத்திறன் பெட்டியில் 72 என்பதை அழித்து 300 என்று எழுதுவதால் மட்டும் படத்தில் புதிய விவரம் எதுவும் சேர்ந்துவிடாது.

கேள்வி: டெம்ப்ளேட் ஒன்றை இறக்கினேன். சாம்பல் நிறச் சதுரங்களும் வட்டங்களும் மட்டுமே இருக்கின்றன. அவற்றுக்குள் என் படத்தை எப்படிக் கொண்டுவருவது?

படங்களுக்கான இடங்கள் முன்பே குறிக்கப்பட்ட டெம்ப்ளேட்டில் தொடங்கியது நல்ல முடிவு. லேயர்களைக் கற்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அந்தச் சாம்பல் வடிவம் ஒவ்வொன்றும் தனித்தனி லேயர். வட்டத்தின் லேயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு உங்கள் படத்தை உள்ளே கொண்டுவாருங்கள். அது வட்டத்தின் லேயருக்கு நேர் மேலே வந்து அமரும். இப்போது படம் வட்டத்தை முழுக்க மறைத்துக்கொண்டு நிற்கும், கவலை வேண்டாம். படத்தின் லேயர் தேர்வாகியிருக்க, போட்டோஷாப்பில் கன்ட்ரோல், ஆல்ட், ஜி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கிளிப்பிங் மாஸ்க் உருவாகி, வட்டத்துக்கு வெளியே உள்ள பகுதி மறைந்துவிடும். பலகையில் படத்தின் லேயர் சற்று உள்ளே தள்ளி, சிறு அம்புக்குறியோடு நிற்பதே அதற்கு அடையாளம்.

படம் வெட்டப்படவில்லை, மறைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். அதனால் வட்டத்துக்குள் முகம் சரியாக அமையும் வரை படத்தை நகர்த்தலாம், சிறிதாக்கலாம், நாளைக்கு வேறு படத்தையும் வைக்கலாம். ஜிம்பில் செய்பவர்கள் வட்டத்தின் லேயரில் ஆல்ஃபா டு செலக்‌ஷன் கொடுத்துவிட்டு, படத்தின் லேயருக்குச் சென்று, லேயர் மாஸ்க் சேர்க்கும்போது செலக்‌ஷன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் வட்டத்துக்கு வெளியே உள்ள பகுதி அதேபோல் மறையும்; ஆனால் பின்னர் படத்தை நகர்த்தினால் மாஸ்கும் கூடவே நகரும்.

கேள்வி: எவ்வளவு அலங்கரித்தாலும் என் பக்கங்கள் தட்டையாகவே இருக்கின்றன. நிழல் சேர்த்தால் எல்லாம் காற்றில் மிதப்பதுபோல் ஆகிவிடுகிறது.

நிழலின் அளவுதான் பிரச்சினை. 300 பிக்சல் ஓர் அங்குலம் என்றால், ஏறக்குறைய 12 பிக்சல் ஒரு மில்லிமீட்டர். நிழலின் தூரத்தை 40 பிக்சல் என்று வைத்தால், மூன்று மில்லிமீட்டருக்கும் மேல் தள்ளி விழும் நிழலைத் தாளுக்குக் கொடுக்கிறீர்கள். மெல்லிய தாளுக்கு அப்படி நிழல் விழாது என்பதால் கண் அதை மிதப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. தாளுக்கும் புகைப்படத்துக்கும் 5 முதல் 10 பிக்சல் வரை போதும். நாடா, பூ, பொத்தான் போன்றவை தாளைவிடத் தடித்தவை என்பதால் அவற்றுக்குத் தூரத்தையும் மென்மையையும் படிப்படியாகக் கூட்டுங்கள். எழுத்துகளைப் பேனாவால் எழுதியதுபோல் காட்ட விரும்பினால் நிழலே வேண்டாம்.

இரண்டாவதாக, ஒளி எல்லாவற்றுக்கும் ஒரே திசையிலிருந்து வர வேண்டும். பூவின் நிழல் வலப்பக்கமும் சட்டகத்தின் நிழல் இடப்பக்கமும் விழுந்தால், காரணம் புரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும். போட்டோஷாப்பில் குளோபல் லைட் தேர்வாகியிருந்தால் கோணம் எல்லா லேயருக்கும் ஒன்றாகவே இருக்கும்.

இன்னும் ஒரு படி மேலே போக விரும்புகிறவர்கள், நாடாவின் நிழலை கிரியேட் லேயர் என்ற கட்டளையால் தனி லேயராகப் பிரித்து, வார்ப் கருவியால் நாடாவின் முனைப் பக்கம் மட்டும் சற்றே வெளியே இழுத்துப் பாருங்கள். நடுப்பகுதி தாளோடு ஒட்டியும் முனை மட்டும் மேலெழும்பியும் இருப்பதாகத் தோன்றும்.

கேள்வி: இருட்டாக உள்ள படத்தை வெளிச்சமாக்கினால் பக்கம் முழுவதும் வெளிறிவிடுகிறது.

நீங்கள் சேர்த்தது, படம் இல்லாமல் நிற, வெளிச்ச மாற்றத்தை மட்டும் கொண்ட அட்ஜஸ்ட்மென்ட் லேயர். அது தனக்குக் கீழே உள்ள எல்லா லேயர்களையும் பாதிக்கும். மேலே சொன்ன அதே கிளிப்பிங் முறையில் அதைப் படத்தோடு மட்டும் பிணைத்துவிட்டால் தாளும் பூக்களும் மாறா. பிரைட்னஸைக் கூட்டுவதைவிட வெளிச்ச அளவுகளைச் சீர்செய்யும் லெவல்ஸில் நடுவில் உள்ள முக்கோணத்தை இடப்பக்கம் மெல்ல நகர்த்துவது முகங்களுக்கு நல்லது, ஏனெனில் ஏற்கெனவே வெளிச்சமாக உள்ள பகுதிகள் எரிந்துபோகாமல் நடுத்தர நிறங்கள்தான் அதிகம் தெளியும். ஜிம்ப் பயன்படுத்துகிறவர்கள், 2025 மார்ச்சில் வெளிவந்த 3.0 பதிப்புக்கு மாறிவிடுங்கள். மூலப் படத்தைக் கெடுக்காமல் இத்தகைய மாற்றங்களைச் செய்து, வேண்டியபோது திருத்திக்கொள்ளும் வசதி அதில்தான் வந்தது.

கேள்வி: முடித்த பக்கத்தை ஜேபெக்காகச் சேமித்தேன். மறுநாள் திறந்தால் லேயர்களைக் காணோம். மீட்க முடியுமா?

அந்தக் கோப்பிலிருந்து மீட்க முடியாது. ஜேபெக் லேயர்களைச் சேமிக்காது, எல்லாவற்றையும் ஒரே படமாக்கிவிடும். வேலை நடக்கும் கோப்பைப் பிஎஸ்டியாக (ஜிம்பில் எக்ஸ்சிஎஃப்) வைத்துக்கொண்டு, பகிரவும் அச்சிடவும் மட்டும் ஜேபெக் நகல் எடுங்கள். பக்கத்தைத் தொடங்கிய உடனேயே, ஒரு தாளை வைத்த கையோடு, பெயரிட்டுச் சேமித்துவிடுவது நல்லது.

கேள்வி: தமிழில் குறிப்பு எழுதினால் 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன.

பழைய போட்டோஷாப் பதிப்பானால், பிரெஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குச் சென்று வேர்ல்ட் ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுத்த பின், புதிய கோப்பு ஒன்றைத் தொடங்கி எழுதிப் பாருங்கள். எழுத்துரு யூனிகோடாக இருக்க வேண்டியதும் அவசியம். இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் நம்பகமானது. எழுத்தின் அளவை முடிவு செய்யும்போது பக்கத்தைத் திரைக்கேற்பச் சுருக்கிப் பார்க்காமல், அச்சு அளவில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: லேயர்கள் கூடக் கூடக் கணினி திணறுகிறது. எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிடலாமா?

அவசரப்பட்டு இணைக்காதீர்கள். 3600 × 3600 பிக்சலை முழுதாக நிரப்பும் ஒரு லேயருக்கு மட்டும் ஏறக்குறைய 39 மெகாபைட் நினைவகம் தேவைப்படுவதால் திணறல் இயல்புதான். பயன்படுத்தாமல் மறைத்து வைத்திருக்கும் தாள்களை நீக்குங்கள். திறந்து கிடக்கும் மற்றக் கோப்புகளை மூடுங்கள். அப்படியும் தீராவிட்டால், பிஎஸ்டியின் நகலில் மட்டும் இணைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இலவசமாகக் கிடைத்த தாள், அலங்காரத் தொகுப்புகளைத் தோழிகளுக்கு அனுப்பலாமா?

தொகுப்போடு வரும் உரிமக் குறிப்பைப் படியுங்கள். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு என்றிருந்தால் பொதுவாக உங்கள் பக்கங்களில் பயன்படுத்தலாம், ஆனால் தொகுப்பை அப்படியே பிறருக்கு அனுப்பவோ, அதை வைத்துச் செய்தவற்றை விற்கவோ கூடாது. தோழிக்குத் தொகுப்பை அனுப்பாமல், அது கிடைக்கும் முகவரியை அனுப்புங்கள். உழைத்து வடிவமைத்தவருக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது.

கேள்வி: முதல் ஆல்பத்தை அச்சுக்கு அனுப்பப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

அச்சகம் கேட்கும் அளவை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஓரம் வெட்டுவதற்காகப் பல அச்சகங்கள் ஒவ்வொரு ஓரத்திலும் எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாகக் கேட்கும். பின்னணித் தாள் அந்த விளிம்பு வரை நீள வேண்டும்; முகங்களும் எழுத்துகளும் வெட்டும் கோட்டிலிருந்து குறைந்தது கால் அங்குலமாவது உள்ளே இருக்க வேண்டும். நிறத்தைத் திரைகளுக்கான பொது நிறமுறையான எஸ்ஆர்ஜிபியில் வைத்து, அதிகபட்சத் தரத்தில் ஜேபெக்காகச் சேமியுங்கள். அச்சகம் தானாகக் கேட்காதவரை அச்சு மைகளுக்கான நிறமுறையான சிஎம்ஒய்கேக்கு மாற்ற வேண்டியதில்லை. திரை ஒளிர்வதால் அதில் தெரிவதைவிட அச்சு சற்று இருட்டாகவே வரும். எனவே முழு ஆல்பத்தையும் அனுப்புவதற்கு முன், இருட்டான படங்கள் உள்ள பக்கம் ஒன்றை மட்டும் அச்சிட்டு வாங்கிப் பார்த்து, தேவையானால் லெவல்ஸில் சற்றுக் கூட்டிய பிறகு மற்றவற்றை அனுப்புங்கள்.