மலையேறி இறங்குகிறேனே, இன்னும் நடக்க வேண்டுமா?

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். நுவரெலியா மாவட்டத்தில் இருபத்தாறு வருடம் தாதியாக வேலை செய்தேன். இந்த மாதம் வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (பொகவந்தலாவை, கொழுந்து பறிப்பவர், வயது 42): மிஸ், சீனி வருத்தம் தொடங்கியிருக்கிறதாம். தினம் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். விடிய நாலு மணிக்கு எழும்பி, பகல் முழுக்க மலையில் ஏறி இறங்குகிறேன். இதற்கு மேல் எங்கே நடப்பது?

பதில்: நியாயமான கேள்வி, தங்கச்சி. கிளினிக்கில் உங்கள் வேலை என்னவென்று சொன்னீர்களா? அடுத்த முறை கட்டாயம் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் அதைச் செவ்வாய்க்கிழமைக்குள் தாண்டிவிடுவீர்கள்.

எனக்குக் கவலை உங்கள் சாப்பாட்டைப் பற்றித்தான். காலையில் ரொட்டி, மலைக்கும் ரொட்டி, தொட்டுக்கொள்ளச் சம்பல், இரவில் சோறு. கோதுமை மா ரொட்டி சட்டென்று சுட்டுவிடலாம், கட்டிக்கொண்டு போனால் கெடாது, வயிறும் நிறையும். நேரமும் காசும் இல்லாத வீட்டுக்கு அது வசதி. ஆனால் எல்லாம் மாச்சத்து, சீனியை ஏற்றும். அப்புறம் தேத்தண்ணீர். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் ஏறக்குறைய 40 கிராம் சீனி. 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்று அதே நிறுவனம் சொல்கிறது. முதலில் கோப்பைக்கு ஒரு கரண்டியாகக் குறையுங்கள். கொஞ்ச நாளில் நாக்கு பழகிவிடும், பிறகு அதையும் விடலாம்.

ரொட்டிக்குப் பிசையும்போது மூன்றில் ஒரு பங்கு குரக்கன் (கேழ்வரகு) மா சேருங்கள். இரவில் ஒரு பிடி பயறோ கடலையோ ஊறப்போட்டால், காலையில் அவித்து ஒரு ரொட்டிக்குப் பதிலாகச் சாப்பிடலாம். ஆனால் ஊறப்போடுவதும் அவிப்பதும் உங்கள் வேலையாக இருக்கக் கூடாது. நாலு மணிக்கு எழும்புகிறவர் தலையில் இதையும் ஏற்றினால் ஒரு வாரம்கூட நடக்காது. கணவரோ வளர்ந்த மகனோ செய்யட்டும். அடுத்த கிளினிக்குக்குக் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பெண்ணிடம் மட்டும் உணவு ஆலோசனை சொல்லி ஒரு பயனும் இல்லை என்பதை நான் நிறைய வீடுகளில் பார்த்துவிட்டேன்.

கேள்வி (தலவாக்கலை, ஆசிரியர்): நம் ஆட்களுக்கு மன உறுதி இல்லை. இலவசமாகச் சோதித்தாலும் ஆண்கள் வருவதில்லையே?

பதில்: இதில் நான் உங்களோடு உடன்படவில்லை, சேர். மனிதர் கற்கும், வேலை செய்யும், விளையாடும், அன்பு செலுத்தும் இடங்களில்தான் ஆரோக்கியம் உருவாகிறது என்று 1986இல் உலக சுகாதார நிறுவனத்தின் மாநாட்டில் வந்த ஒட்டாவா சாசனம் சொன்னது. நம் இடத்தை அப்படிப் பாருங்கள். வேலை நாளில் கிளினிக் வைத்தால், வருகிறவருக்கு அன்றைய பேர், அதாவது நாள் சம்பளக் கணக்கு, போய்விடும். பிரஷர் பார்க்க ஒரு நாள் சம்பளத்தை யார் விடுவார்? உங்கள் பாடசாலை மண்டபத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் கையில் அப்பாவுக்கு ஒரு கடிதமும் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (மஸ்கெலியா, வயது 50): புகையிலையை விட்டுவிட்டேன். வெறும் வெற்றிலை பாக்கு போடலாம்தானே? குளிருக்கும் பசிக்கும் அது இல்லாமல் முடியவில்லை.

பதில்: புகையிலையை விட்டது பெரிய காரியம், அண்ணே. ஆனால் பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. இன்றைக்கே கண்ணாடி முன் வாயைத் திறந்து பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண், உறைப்பு பட்டால் எரிச்சல், வாய் முழுதாகத் திறக்க முடியாமை, இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் பல் வைத்தியரிடம் போங்கள். பசிக்குத்தான் போடுகிறீர்கள் என்றால் மடியில் வறுத்த கடலை இருக்கட்டும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வெற்றிலை நீட்டும் கூட்டாளிகளிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பத்துப் பேர் நீட்டும்போது ஒவ்வொரு முறையும் மறுப்பது கஷ்டம்.

கேள்வி (டிக்கோயா, ஒரு மனைவி): அவர் தினமும் குடிக்கிறார். நாளையிலிருந்து ஒரேயடியாக நிறுத்தச் சொல்லிச் சத்தியம் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம், தங்கச்சி. பல காலமாகத் தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, குழப்பம், வலிப்புகூட வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மருந்தோடு பாதுகாப்பாக நிறுத்தலாம். சம்பள நாளில் அவரோடு டவுனுக்குப் போவது யார் என்பதையும் யோசியுங்கள். அந்த ஒரு நாள் உங்கள் அண்ணனோ தம்பியோ கூடப் போகட்டும். அவர் குடிப்பது உங்கள் குற்றமில்லை.

கேள்வி (கொழும்பில் கடையில் வேலை, ஊர் பதுளை): அப்பா போன பிறகு அம்மா தனியாக இருக்கிறார், வயது 68. "ஒருத்திக்கு என்ன சமையல்" என்று பிளேன்டீயும் பிஸ்கட்டும்தான். காசு அனுப்புகிறேன், சத்து மாவும் வாங்கி அனுப்பினேன்.

பதில்: தம்பி, அம்மாவுக்குக் கூட உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆள் வேண்டும். அதே லயத்தில் தனியாக இருக்கும் இன்னொரு பாட்டி இருப்பார், விசாரியுங்கள். ஒரு நாள் இவர் காம்பராவில், மறுநாள் அவர் காம்பராவில் உலை வைக்கட்டும். அனுப்பும் காசில் பருப்பும் முட்டையும் இருவருக்குமாக வாங்கச் சொல்லுங்கள். பகல் சாப்பாட்டு நேரத்தில் நீங்களும் போன் எடுத்து, இன்றைக்கு என்ன கறி என்று கேளுங்கள்.